இரைச்சலை வெளியே தேடாதீர்கள்

கேள்வி: ஆராய்ச்சி மாணவி நான். மற்றவற்றைத் துடிக்கத் தூண்டும் நியூரான் (நரம்பு செல்) 800, துடிக்கவிடாமல் அடக்கும் நியூரான் 200 என்று 1,000 வைத்து லேப்டாப்பில் ஒரு கணினி மாதிரி ஓட்டுகிறேன். ஒவ்வொரு நியூரானுக்கும் மொத்தத்தில் 10% நியூரான்களிடமிருந்து இணைப்பு கொடுத்தபோது துடிப்புகள் (நியூரான் அனுப்பும் மின் சைகைகள்) நன்றாகச் சிதறி வந்தன. 40% ஆக்கியதும் எல்லாம் ஒன்றாகத் துடிக்கின்றன. வெளியிலிருந்து இரைச்சல் (மின்னோட்டத்தில் தாறுமாறான ஏற்ற இறக்கம்) கூட்டியும் பயனில்லை. எங்கே தப்பு?
– வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: முதலில் இரைச்சல் கூட்டுவதை விடுங்கள். ஒரு நியூரானுக்கு 100 இணைப்பு வந்த இடத்தில் இப்போது 400 வருகிறது. இணைப்பின் வலுவைத் தொடாமல் விட்டால் உள்ளே வருவதன் சராசரி நான்கு மடங்காகும், ஏற்ற இறக்கமோ இரண்டு மடங்குதான். சரி, வலுவைக் கால்வாசியாக்கலாமே என்று தோன்றும் (நானும் செய்து பார்த்து ஒரு ராத்திரியைத் தொலைத்திருக்கிறேன்), அப்போது ஏற்ற இறக்கம் பாதியாகி, நியூரான் கடிகாரம் மாதிரி தட்டும், இல்லையென்றால் படுத்துவிடும். வலுவைப் பாதியாக்குங்கள், வெளியே இருந்து தரும் மின்னோட்டத்தை இரட்டிப்பாக்குங்கள். இணைப்பு எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுக்கும் இந்தக் கணக்கு 1996-ல் நியூரான் வலை ஆய்வாளர்கள் வான் வ்ரீஸ்விக்கும் சோம்போலின்ஸ்கியும் காட்டியது.

பொங்கலுக்குத் தெருவில் கயிறு இழுப்பார்களே, இரண்டு பக்கமும் சமபலம் என்றால் நடுவில் கட்டிய கைக்குட்டை சும்மா நிற்காது, இப்படியும் அப்படியும் வெடவெடத்துக்கொண்டே இருக்கும், எப்போதாவது கோட்டைத் தொடும். தூண்டுவதும் அடக்குவதும் இரண்டு பக்கமாக இழுக்கும் நியூரானின் மின்னழுத்தமும் அப்படித்தான், கோட்டைத் தாண்டும்போது ஒரு துடிப்பு. இரைச்சல் வலைக்குள்ளேயே பிறக்கிறது. ஆனால் உங்கள் அடக்கும் அணியில் ஆள் கால்வாசிதான், ஆகவே ஒவ்வொரு அடக்கும் இணைப்பும் தூண்டும் இணைப்பைவிட நான்கு மடங்குக்கு மேல் இழுக்க வேண்டும். இதே துறை ஆய்வாளர் புரூனெலின் 2000-ஆம் ஆண்டுக் கட்டுரையிலும் அந்த 4-தான் எல்லை.

அப்புறம் இன்னொன்று. 10% இணைப்பில் எந்த இரண்டு நியூரானை எடுத்தாலும் 100 இணைப்பில் சுமார் 10 பொதுவானவை. 40%-ல் 400-க்கு 160! ஒரே டீக்கடையில் உட்கார்ந்து எழுந்தவர்கள் ஒரே சேதியைத்தானே சொல்வார்கள்? 400 இணைப்பு கட்டாயம் வேண்டுமென்றால் நியூரானை 4,000 ஆக்கி 10%-லேயே வையுங்கள். லேப்டாப் கொஞ்சம் முனகும்.

கேள்வி: மூளையில் துடிப்புகள் தாறுமாறாக வருவது நியூரானின் குறையா?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: பெரும்பாலும் இல்லை. 1995-ல் மெய்னன், செஜ்னோவ்ஸ்கி என்ற இரண்டு மூளை ஆய்வாளர்கள் எலி மூளைத் துண்டில் சோதித்தார்கள். மாறாத மின்னோட்டம் கொடுத்தபோது துடிக்கும் நேரம் ஒவ்வொரு முறையும் விலகிப்போனது. ஏறி இறங்கும் மின்னோட்டத்தை அப்படியே திரும்பத் திரும்பக் கொடுத்தபோதோ, அதே நியூரான் மில்லிவினாடி பிசகாமல் துடித்தது.