சீஷெல்ஸ் தீவுகளிடையே இருவர் மட்டும்: பாய்மரப் பயணம் குறித்த வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் இருபத்தைந்தாவது திருமண நாளையொட்டி, கூட்டமில்லாத தீவுகளுக்கிடையே ஒரு வாரம் பாய்மரப் படகில் கழிக்க விரும்பி, சீஷெல்ஸைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். திருமண நாள் ஜூலையில் வருகிறது. அந்த மாதம் ஏற்றதா?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: பாய் விரித்துச் செல்வதற்கு ஜூலை மிக ஏற்ற மாதம், ஆனால் தட்டையான, அசையாத கடலை எதிர்பார்த்துச் சென்றால் ஏமாற்றமே மிஞ்சும். மே முதல் அக்டோபர் வரை அங்கே தென்கிழக்குக் காற்று வீசுகிறது. ஜூலையிலும் ஆகஸ்டிலும் அது உச்சத்தை அடைந்து, பெரும்பாலும் மணிக்கு 15 முதல் 25 கடல் மைல் (நாட்) வேகத்தில் நாள் முழுவதும் நிற்காமல் அடிக்கும். மழை குறைவு, வெயிலின் கடுமையும் தணிந்திருக்கும், ஆனால் திறந்த கடலில் அலை எழும்பும். டிசம்பர் முதல் மார்ச் வரை வடமேற்குக் காற்றின் காலம். அது மெலிந்த காற்று என்றாலும், புழுக்கமும் மழையும் சேர்ந்தே வரும். ஜனவரியில்தான் மழை மிகுதி. இவ்விரண்டுக்கும் நடுவில் காற்று திசை மாறும் ஏப்ரலிலும் நவம்பரிலும் கடல் கண்ணாடியாகத் தெளிந்து, பவளப்பாறைகளைப் பார்ப்பதற்கு வாய்ப்பாக இருக்கும். ஆனால் பாய் தொங்கிக் கிடக்க, எஞ்சினை ஓட்டியே தீவுக்குத் தீவு போக வேண்டியிருக்கும்.

பாய்மரப் பயணிகள் இந்தத் தீவுக்கூட்டத்தை விரும்புவதற்கு ஒரு புவியியல் காரணம் உண்டு. முதன்மைத் தீவான மாஹேவிலிருந்து பிராஸ்லின் தீவு நேர் வடகிழக்கில் இருப்பதால், காற்று தென்கிழக்கிலிருந்து வந்தாலும் வடமேற்கிலிருந்து வந்தாலும், போகும்போதும் திரும்பும்போதும் அது படகின் பக்கவாட்டிலேயே படுகிறது. எதிர்க்காற்றில் குறுக்கும் நெடுக்குமாகத் திரும்பித் திரும்பி முன்னேறும் தொல்லை அங்கே பெரும்பாலும் இல்லை. நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருப்பதால், மாஹே, பிராஸ்லின் உள்ளிட்ட இந்த உள்தீவுகள் சூறாவளிகளின் வழக்கமான பாதைக்கும் வெளியே உள்ளன.

அதே தேதியில் கொண்டாடியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் தங்களுக்கு இல்லையென்றால், காற்று தணியத் தொடங்கும் அக்டோபர் பிற்பகுதிக்குப் பயணத்தைத் தள்ளிவைப்பதையே நான் பரிந்துரைப்பேன்.

கேள்வி: என் கணவர் சென்னையில் சில வாரங்கள் பாய்ப்படகுப் பயிற்சி பெற்றவர். மாலுமி இல்லாமல் நாங்கள் இருவரே படகை ஓட்ட வேண்டும் என்கிறார். அந்நியர் ஒருவர் உடனிருந்தால் தனிமை கெடும் என்பது அவருடைய வாதம். சரிதானா?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: வாடகைக்குப் படகு தரும் நிறுவனங்கள் படகை மட்டும் ஒப்படைப்பதற்குமுன், ஓட்டுபவருடைய தகுதிச் சான்றையும் கடல் அனுபவத்தையும் கேட்டுப் பார்க்கும். துறைமுகத்துக்குள் சிறு படகில் பெற்ற பயிற்சிக்கும், நாற்பதடி நீளமுள்ள இரட்டை உடல் படகை (கேட்டமரன்) பவளத் திட்டுகளுக்கு நடுவே கொண்டுபோய் நங்கூரமிடுவதற்கும் உள்ள தொலைவு சிறியதன்று. இருவர் மட்டுமே படகில் இருந்தால், ஒருவர் சுக்கானைப் பிடிக்க மற்றவர் முன்னே நின்று நங்கூரத்தை இறக்க வேண்டும். காற்றிரைச்சலில் ஒருவர் கத்துவது மற்றவருக்குக் கேட்காது. தம்பதியருக்குள் பெருஞ்சண்டைகள் மூளுவது பெரும்பாலும் அந்தப் பத்து நிமிடங்களில்தான் என்று அனுபவப்பட்ட மாலுமிகள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். (கை சைகைகளை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது இதற்குப் பாதி மருந்து.)

தனிமையைப் பற்றிய கவலையும் மிகைப்பட்டது. இரட்டை உடல் படகில் மாலுமிக்குத் தனி அறை உண்டு. நங்கூரமிட்ட பிறகு எப்போது ஒதுங்கியிருக்க வேண்டும் என்பது நல்ல மாலுமிக்குத் தெரியும். சூரியன் மறையும் நேரத்தில் எங்கே ஒதுங்குவது, நாளைக்குக் காற்று மாறினால் என்ன செய்வது என்ற கணக்குகளை எல்லாம் வேறொருவர் தலையில் ஏற்றிவிட்டால்தான் கணவர் தங்களோடு பேசுவதற்கு நேரம் கிடைக்கும். அவருக்குச் சுக்கானைப் பிடிக்கும் ஆசை இருந்தால், மாலுமியின் மேற்பார்வையில் தாராளமாகப் பிடிக்கலாம்.

கேள்வி: எனக்கு நீச்சல் தெரியாது, பேருந்தில் போனாலே குமட்டும். மனைவியின் ஆசைக்காக வரலாமா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: வரலாம். நீச்சல் தெரியாதவர் படகு ஓடும்போதும், கரைக்குப் போகும் சிறு படகில் ஏறி இறங்கும்போதும் மிதவைச் சட்டையை அணிந்திருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. இரட்டை உடல் படகு ஒற்றை உடல் படகைப்போல ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடாது. நங்கூரத்தில் நிற்கும்போதும் அதிகம் உருளாது. குமட்டல் மாத்திரை குமட்டத் தொடங்கிய பிறகு பயன்படாது. மருத்துவரைக் கேட்டு, புறப்படுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். ஓடும் படகின் உள்ளறைக்குள் போய்ப் படுப்பதையும் கைப்பேசியில் படிப்பதையும் தவிர்த்து, மேல்தளத்தின் நடுப்பகுதியில் அமர்ந்து தொடுவானத்தைப் பாருங்கள்.

கேள்வி: ஏழு நாட்களில் எத்தனை தீவுகளைப் பார்க்க முடியும்? அல்டாப்ராவையும் சேர்க்கலாமா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: அல்டாப்ராவை மறந்துவிடுங்கள். 115 தீவுகளைக் கொண்ட அந்நாட்டின் தென்மேற்கு ஓரத்தில், மாஹேவிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் அந்தப் பவளத்தீவு ஒரு வாரப் பயணத்துக்கு உரியதன்று. எத்தனை தீவுகள் என்று எண்ணத் தொடங்கினாலே அமைதி போய்விடும். நான்கைந்து தீவுகள் போதும்.

முதல் நாள் மாஹேவின் கிழக்குக் கரையிலிருந்து புறப்பட்டு, கண்ணுக்கெதிரே இருக்கும் செயின்ட் ஆன் கடல் பூங்காவில் தங்கினால் படகின் அசைவு உடம்புக்குப் பழகிவிடும். 1770இல் இந்நாட்டில் முதன்முதலாகக் குடியேறிய சிறு குழு இறங்கியது செயின்ட் ஆன் தீவில்தான். அந்தக் குழுவில் தென்னிந்தியர் சிலரும் இருந்தனர். மறுநாள் பிராஸ்லினுக்குச் சுமார் 24 கடல் மைல், நல்ல காற்றில் நான்கு மணி நேரம். நிலநடுக்கோட்டருகே ஆண்டு முழுவதும் ஆறே முக்கால் மணிக்குள் பொழுது சாய்ந்து சட்டென்று இருட்டிவிடும். நீருக்கடியில் கிடக்கும் பாறைகளைக் காண வெயில் உயரத்தில் இருக்க வேண்டும் என்பதால், மாலை நான்கு மணிக்குள் நங்கூரமிடுவது வழக்கம்.

அதன்பின் அவசரப்படாதீர்கள். பிராஸ்லினை அடுத்துள்ள கூரியூஸ் தீவில் குறைந்தது இரண்டு இரவுகளாவது தங்குங்கள். தொழுநோயாளிகளை ஒதுக்கி வைத்திருந்த தீவு அது. 1965 வரை அந்நிலை நீடித்தது. அவர்களைக் கவனித்த மருத்துவரின் மரவீடு இன்று காட்சியகமாக இருக்கிறது. 1979இல் தீவைச் சுற்றிய கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அல்டாப்ராவிலிருந்து கொண்டுவரப்பட்ட இராட்சத ஆமைகள் கரையில் வேலியின்றி உலாவுகின்றன; அலையாத்திக் காட்டுக்குள் பலகைப்பாதையில் ஆமைகள் இருக்கும் இடத்திலிருந்து மருத்துவர் வீட்டுக்கு நடந்தே போகலாம். பகல் சுற்றுலாப் படகுகள் பிற்பகலில் திரும்பிப் போய்விட்ட பிறகு அந்த விரிகுடாவில் கிடைக்கும் நிசப்தம் விடுதியில் தங்குபவருக்குக் கிடைக்காது. படகில் வருவதன் பெரும்பயனே அதுதான்.

பிராஸ்லினில் இறங்கி, 1983இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த வாலே டி மே பனைக்காட்டைக் காலையிலேயே பாருங்கள். உலகிலேயே மிகப் பெரிய விதையைத் தரும் கடல் தேங்காய் மரங்கள் அங்கே நிற்கின்றன. ஒரு விதை 25 கிலோ வரை எடையுள்ளது. இந்தத் தீவுகளை வெளியுலகம் அறியாத காலத்தில் அலையில் அடித்துவரப்பட்டு மாலத்தீவிலும் இந்தியக் கரைகளிலும் ஒதுங்கிய காய்கள் இவையே. துறவிகள் ஏந்தும் திருவோடுகளில் ஒரு வகை இதன் ஓட்டால் ஆனது. நினைவுப் பொருளாக வாங்கினால் அரசின் ஏற்றுமதி அனுமதிச் சான்றையும் கேட்டு வாங்குங்கள். இல்லையேல் விமான நிலையத்தில் பறித்துவிடுவார்கள். பறவைகளின் சரணாலயமான கசின் தீவில் எலி, பூச்சி முதலியன நுழையாதிருக்க, வெளிப்படகுகள் கரை தொட அனுமதியில்லை. சரணாலயத்தின் படகே வந்து அழைத்துச் செல்லும். லா டீக் தீவுக்கு ஒரு நாள் ஒதுக்கி, மிதிவண்டியில் சுற்றலாம். அதன் கிழக்குக் கரையான கிராண்ட் ஆன்ஸில் தென்கிழக்குக் காற்றுக் காலத்தில் நீரோட்டம் ஆளை இழுத்துவிடும் என்பதால் அங்கே குளிக்க வேண்டாம்.

கேள்வி: கடற்கொள்ளையர் ஆபத்து உண்டா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: 2009 அக்டோபரில் சீஷெல்ஸிலிருந்து தான்சானியாவை நோக்கித் தனியே புறப்பட்ட பிரிட்டிஷ் தம்பதியரைச் சோமாலியக் கொள்ளையர் சிறைப்பிடித்து, ஓராண்டுக்குப் பிறகே, 2010 நவம்பரில் விடுவித்தனர். அது மேற்கே திறந்த பெருங்கடலில் நிகழ்ந்தது. வாடகைப் படகுகள் உள்தீவுகளின் எல்லையைத் தாண்டுவதற்கு ஒப்பந்தமே இடம் தராது. அந்த எல்லைக்குள் அஞ்சத் தேவையில்லை.

கேள்வி: நாங்கள் சைவ உணவு மட்டுமே உண்பவர்கள். கடலில் என்ன செய்வது?
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: படகில் அடுப்பும் குளிர்பெட்டியும் உண்டு. படகேறுமுன் தலைநகரான விக்டோரியாவில் அரிசி, பருப்பு, காய்கறி அனைத்தையும் வாங்கிவிடுங்கள். தமிழர் கணிசமாக வாழும் நகரம் அது. நவசக்தி விநாயகர் கோயிலும் அங்கே இருக்கிறது. தொட்டித் தண்ணீர் அளவோடுதான் இருக்கும்; பாத்திரங்களை முதலில் கடல்நீரில் அலசிவிட்டுக் கடைசியில் நன்னீர் ஊற்றுங்கள். இந்தியர்களுக்கு விசா வேண்டாம். ஆனால் புறப்படுமுன் இணையவழிப் பயண அனுமதி பெற வேண்டும். பொடிகளைக் கட்டி எடுத்துச் செல்லலாம். கறிவேப்பிலை, பச்சைக் காய், பழம் போன்றவற்றை முன் அனுமதியின்றிக் கொண்டுசெல்ல அந்நாட்டுச் சட்டம் தடை விதிக்கிறது.