தாடையை எடுத்துவிட்டுக் கால் எலும்பு வைக்கும் அறுவை சிகிச்சை: செலவுக்கேற்ற பலன் இருக்குமா?

அப்பாவுக்குக் கீழ்த்தாடையில் புற்றுநோய், ஒரு பக்கத் தாடையை எடுத்துவிட்டுக் காலிலிருந்து எலும்பு வைக்கப் போகிறார்கள், 95 சதவீதம் வெற்றி என்கிறார்கள், பழையபடி ஆகிவிடுவாரா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவன் இல்லை. இதே சிகிச்சை என் அண்ணனுக்கு நடந்தபோது கூடவே இருந்தவன்.

95 என்பது பொய்யில்லை. ஆனால் எதற்கான வெற்றி என்று கேட்டுக்கொள்ளுங்கள். முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் ஓடும் ஃபிபுலா எலும்பை, அதன் தோலோடும் ரத்தக்குழாயோடும் எடுத்து, தாடையின் வளைவுக்கு வெட்டி, டைட்டானியம் ப்ளேட்டில் திருகுகிறார்கள். பிறகு இரண்டு மூன்று மில்லிமீட்டர் குழாய்களைக் கழுத்துக் குழாய்களோடு மைக்ராஸ்கோப்பில் பார்த்துத் தைக்கிறார்கள். எட்டு, பத்து மணி நேர வேலை. அப்படி வைத்த திசு, அதாவது ஃப்ளாப், சாகாமல் பிடித்துக்கொள்வதுதான் அந்த 95. சாப்பிடுவதும் பேசுவதும் அந்தக் கணக்கில் இல்லை.

முதல் இரண்டு மூன்று நாள்தான் கண்டம். நர்ஸ் மணிக்கொரு தடவை ஃப்ளாப்பின் நிறத்தைப் பார்ப்பார். ரத்தம் உள்ளே போய், வெளியே வர வழியில்லாமல் சிரை அடைத்துக்கொண்டால் அது கறுநீலமாகும். அண்ணனுக்கு அப்படி ஆகி, ராத்திரியோடு ராத்திரியாக மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். உடனே கவனித்ததால் பிழைத்தது. ஆனால் முதலில் சொன்ன மதிப்பீட்டில் அந்த இரண்டாவது அறுவை இல்லை, கூடுதல் ஐசியூ நாட்களும் இல்லை. ஆகவே, "சிக்கல் வந்தால் எவ்வளவு ஆகும்?" என்று தனியாகக் கேளுங்கள்.

அப்புறம் வருவதுதான் யாரும் எழுதித் தராத செலவு: மூக்குக் குழாய்வழி உணவு, ஸ்பீச் தெரபி, கதிர்வீச்சுக்கான அலைச்சல், கூட இருப்பவரின் சம்பள இழப்பு. கதிர்வீச்சு தேவை என்றால் பொதுவாக அறுவை முடிந்து ஆறு வாரத்துக்குள் தொடங்கப் பார்ப்பார்கள். காயம் ஆறத் தாமதமானால் அதுவும் தள்ளிப்போகும். அறுவைக்கு முன்பே புகையிலையை நிறுத்தி, சர்க்கரையைக் கட்டுப்படுத்தி, உடம்பைத் தேற்றச் சொல்வது இதற்காகத்தான்.

பலன்? நாக்கில் எவ்வளவு எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது பேச்சும் விழுங்குதலும். அண்ணனுக்கு நாக்கு தப்பியது. குழைந்த சோறு சாப்பிடுகிறார். ஃபோனில் நாங்கள் புரிந்துகொள்வோம், புதியவர்கள் இன்னொரு முறை கேட்பார்கள். முகம் ஒரு பக்கம் கொஞ்சம் கனம். கால் நன்றாக இருக்கிறது, நடக்கிறார். புதிய எலும்பில் இம்ப்ளான்ட் பல் கட்டலாம், ஆனால் அது தனிச் செலவு. எங்களால் முடியவில்லை.

மார்புத் தசையைத் திருப்பிக் கொண்டுவந்து மூடும் முறையும் உண்டு. மைக்ராஸ்கோப் வேண்டாம், நேரமும் குறைவு. வயதானவர், இதயம் பலவீனம் என்றால் மருத்துவர் அதைச் சொல்வது மட்டமான சிகிச்சை என்று பொருளில்லை. பக்கவாட்டுத் தாடைக்கு எலும்பு இல்லாமலும் ஓரளவு சமாளிக்கலாம், தாடை ஒரு பக்கம் இழுக்கும். முன்தாடை போனால் எலும்பு வைப்பதுதான் சரி. இல்லையென்றால் மோவாய் உள்ளே போய், எச்சில் வடிந்துகொண்டே இருக்கும்.

கதிர்வீச்சு இருக்கிறது என்றால் அதற்கு முன்பே பல் மருத்துவரிடம் காட்டி, எடுக்க வேண்டிய பற்களை எடுத்துவிடுங்கள். பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் செத்துப்போகும் ஆபத்து உண்டு. வாய் திறக்கும் பயிற்சியையும் மருத்துவர் அனுமதித்த நாளிலிருந்தே விடாமல் செய்யச் சொல்லுங்கள்.