அமெரிக்காவின் ஓபியாய்டு நெருக்கடி என்றால் என்ன? வலி மாத்திரையில் எப்படித் தொடங்கியது?

ஓபியாய்டு என்பது அபின் வகை வலி மருந்து. மார்ஃபின், ஹெராயின், ஃபென்டனில் எல்லாம் இந்தக் குடும்பம்தான். 1996இல் பர்டூ ஃபார்மா என்ற மருந்து நிறுவனம் ஆக்ஸிகாண்டின் என்ற ஓபியாய்டு மாத்திரையை விற்க வந்தபோது, இதற்கு அடிமையாகும் ஆபத்து குறைவு என்று டாக்டர்களை நம்பவைத்தது. அது பொய் என்று 2007இல் நீதிமன்றத்தில் நிறுவனமே ஒப்புக்கொண்டது. அதற்குள் சாதாரண முதுகுவலிக்கும் அதை எழுதித் தருவது வழக்கமாகியிருந்தது.

காரம் பழகிய நாக்கு ஒரு மிளகாய் போதாமல் இரண்டு கேட்கும். மூளையும் அப்படித்தான், அளவைக் கூட்டச் சொல்லும். நாக்கு எரிந்தால் தண்ணீர் குடிக்கலாம். இங்கே அளவு மிஞ்சினால், ‘மூச்சு விடு’ என்று மூளை இடும் கட்டளையே நின்றுபோகும்.

அப்புறம் மாத்திரை எழுதித் தருவதில் கெடுபிடி வந்தது. மாத்திரை கிடைக்காத பலர் ஹெராயினுக்குப் போனார்கள். 2013 வாக்கில் ஃபென்டனில் பரவியது. ஹெராயினைவிடச் சுமார் 50 மடங்கு வீரியம். பென்சில் முனையில் ஒட்டுகிற 2 மில்லிகிராமே ஆளைக் கொல்லலாம்.

இந்தப் போதையைச் சில வாரம் விட்டிருந்தால் ஆபத்து தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அப்போதுதான் அதிகம்: உடம்பின் பழக்கம் போயிருக்கும், கை பழைய அளவையே எடுக்கும்.