தூத்துக்குடியில் புது கார் கம்பெனி: பையனை அனுப்பலாமா?

கேள்வி: என் மகன் இந்த வருஷம் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தான். தூத்துக்குடி வின்ஃபாஸ்ட் ஆலையில் வேலை கிடைத்திருக்கிறது. ஒரகடத்தில் ரொம்ப நாளாக நடக்கும் ஒரு உதிரிபாகக் கம்பெனியிலிருந்தும் ஆர்டர் வந்திருக்கிறது, அங்கே சம்பளம் கொஞ்சம் கூட. "ஃபோர்டே மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டான், இவன் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பான்?" என்கிறார் என் கணவர். எனக்குப் பையன் பக்கத்தில் இருந்தால் போதும். இதற்கு நடுவில் என் கொழுந்தனார் நம்ம ஊரில் செய்கிற கார் என்று அதையே வாங்க அட்வான்ஸ் கட்டப் போகிறார். என்ன செய்யலாம்?
ஒரு வாசகி, கோவில்பட்டி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவரின் பயத்தில் நியாயம் இருக்கிறது. அதனால் அவர் சொன்ன ஃபோர்டிலிருந்தே தொடங்குகிறேன். மறைமலை நகரில் 1999-ல் ஐகான் காரோடு ஓட்டத்தை ஆரம்பித்த கம்பெனி, 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் செய்வதை நிறுத்தப்போவதாக அறிவித்தது. பத்து வருஷத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று அவர்களே சொன்னார்கள். அவர்களுக்குக் கார் செய்யத் தெரியாமல் இல்லை, எக்கோஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் இன்றைக்கும் அதை விற்க மனசில்லாமல் வைத்திருக்கிறார்கள். மாருதியும் ஹூண்டாயும் சந்தையை இறுக்கிப் பிடித்திருந்தன, புது மாடல்கள் வரத் தாமதமாயின, கட்டிய ஆலையில் பாதிகூட ஓடாமல் கிடந்தது. அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் உங்கள் கணவர் கவனிக்க வேண்டிய இன்னொரு பாதி அந்தக் கதையில் இருக்கிறது. ஃபோர்டுக்கு குஜராத்தில் சானந்திலும் ஒரு ஆலை இருந்தது. அதை டாடா வாங்கி, விருப்பப்பட்ட தொழிலாளர்களையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது. மறைமலை நகர் ஆலையை அப்படி யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. 2022-ல் அங்கே இருந்தவர்கள் செட்டில்மென்ட் தொகைக்காக வேலை நிறுத்தம் செய்து போராட வேண்டியிருந்தது. முடிவெடுத்தது ஒரே கம்பெனிதான், இரண்டு ஊர்க்காரர்களுக்கும் நடந்தது வேறு வேறு. அதனால்தான் சொல்கிறேன், கம்பெனி நிலைக்குமா என்பதும் உங்கள் பையன் நிலைப்பானா என்பதும் இரண்டு தனிக் கேள்விகள். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால் பதிலே கிடைக்காது.

முதலில் கம்பெனி. வின்ஃபாஸ்ட்டின் முதலாளி வியட்நாம்காரர், ஃபாம் நியட் வுவாங். உக்ரைனில் நூடுல்ஸ் விற்றுப் பணம் சேர்த்து, ஊர் திரும்பி வீடு, மால், ஓட்டல் என்று கட்டிப் பெரிய ஆளானவர். 2017-ல் கார் கம்பெனி ஆரம்பித்தார். இரண்டே வருஷத்தில் ஹாய் ஃபோங் நகரில் ஆலை ஓடத் தொடங்கிவிட்டது. முதலில் பெட்ரோல் கார்தான் செய்தார்கள், 2022-ல் அதை மொத்தமாக நிறுத்திவிட்டு முழுக்க மின்சாரக் காருக்கு மாறினார்கள். 2023 ஆகஸ்டில் அமெரிக்கப் பங்குச்சந்தைக்கு வந்த கொஞ்ச நாளில் அதன் மதிப்பு ஃபோர்டையும் ஜெனரல் மோட்டார்ஸையும் தாண்டியது. அதைப் பார்த்து யாரும் மயங்க வேண்டியதில்லை. கிட்டத்தட்ட எல்லாப் பங்கும் முதலாளி தரப்பிடம் இருந்தது, வெளியே கை மாறியது துளி, அதனால் விலை ஏறியது, அப்புறம் அதே வேகத்தில் விழுந்தது.

கவலைப்பட வேண்டிய எண் வேறு. 2024-ல் அவர்கள் கொடுத்த கார் 97,399. அந்த வருஷத்து நஷ்டம் சுமார் 320 கோடி டாலர். வகுத்துப் பார்த்தால் ஒரு காருக்கு 30,000 டாலருக்கு மேல் கைநஷ்டம் (புது ஆலைகள், ஸ்கூட்டர், பழைய செலவுகள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன என்பதால் இதை அப்படியே காரின் தலையில் கட்ட முடியாது, ஆனாலும் பெரிய தொகைதான்). இந்தப் பள்ளத்தை முதலாளியின் சொந்தப் பணமும் தாய்க் கம்பெனியின் கடனும்தான் நிரப்பி வருகின்றன. 2024 நவம்பரில்கூட இன்னும் 350 கோடி டாலர் வரை தருவதாகச் சொன்னார்கள். இன்னொன்று, 2023-ல் விற்ற கார்களில் பெரும்பகுதியை வாங்கியது அதே முதலாளி நடத்தும் டாக்சி கம்பெனி. அமெரிக்காவுக்கு அனுப்பிய முதல் 999 கார்களைத் திரை அணைந்துபோகும் கோளாறுக்காகத் திரும்ப அழைக்க வேண்டி வந்தது, வட கரோலினாவில் கட்டுவதாகச் சொன்ன ஆலையை 2028-க்குத் தள்ளிவிட்டார்கள். இதெல்லாம் உங்கள் கணவர் பக்கம் பேசும் விஷயங்கள். நான் எதையும் மறைக்கவில்லை.

சரி, அப்படியிருந்தும் ஏன் தூத்துக்குடிக்கு வந்தார்கள்? உலகத்தில் மின்சாரக் கார் என்றால் இன்று பிஒய்டி போன்ற சீனக் கம்பெனிகள்தான். பேட்டரியையும் காரையும் தாங்களே செய்து, விலையை அடித்து இறக்கி, மற்றவர்களை மூச்சுவிட விடாமல் செய்கிறார்கள். ஆனால் 2020-க்குப் பிறகு எல்லையைப் பகிரும் நாட்டு முதலீட்டுக்கு நம் அரசு தனி அனுமதி கேட்கிறது. ஹைதராபாத் கம்பெனி ஒன்றோடு சேர்ந்து 100 கோடி டாலரில் ஆலை போட பிஒய்டி கேட்டபோது 2023-ல் அது நடக்கவில்லை. முழுக் காராக இறக்கினாலோ வரி தாங்காது. ஆக, சீனாக்காரர் இஷ்டத்துக்கு நுழைய முடியாத பெரிய சந்தை இது. வியட்நாம் கம்பெனிக்கு இங்கே அந்தத் தடை இல்லை. பக்கத்தில் வ.உ.சி. துறைமுகம், சில்லாநத்தம் சிப்காட்டில் 400 ஏக்கர், முதல் கட்டமாக 50 கோடி டாலர், வருஷத்துக்கு 50,000 கார் செய்யும் வசதி. 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டி 2025 ஆகஸ்ட் 4-ம் தேதி ஆலையைத் திறந்துவிட்டார்கள். நம் தென் மாவட்டத்துப் பிள்ளைகள் பிழைப்புக்குச் சென்னை, திருப்பூர் என்று பஸ் ஏறியே பழக்கப்பட்டவர்கள். அவர்களுக்கு வீட்டுப் பக்கத்தில் ஒரு கார் ஆலை வந்ததில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். அது ஓட வேண்டும் என்று மனசார நினைக்கிறேன்.

எதிரே நிற்பவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. டாடாவுக்கு 2020 முதல் நெக்ஸான் மின்சாரக் கார் இருக்கிறது, சார்ஜர் போட அதே குழுமத்தில் டாடா பவர் இருக்கிறது, நாடு முழுக்க சர்வீஸ் சென்டர் இருக்கிறது. ஹூண்டாய் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்திலேயே மின்சார க்ரெட்டா செய்கிறது. மஹிந்திரா மின்சாரக் காருக்கென்றே தனி அடித்தள அமைப்பு உருவாக்கிக் கார்களை இறக்கியிருக்கிறது. மாருதி குஜராத்திலிருந்து இ-விட்டாராவைக் கப்பல் ஏற்றத் தொடங்கிவிட்டது. இவர்கள் எல்லோருக்கும் உள்ள பெரிய பலம், பெட்ரோல், டீசல் காரில் வரும் லாபம். அதை எடுத்து மின்சாரக் காரில் கொட்டலாம், இரண்டு வருஷம் விற்காவிட்டாலும் கடை ஓடும். வின்ஃபாஸ்ட்டுக்கு அந்தப் பக்கத்து வருமானமே கிடையாது. போதாக்குறைக்கு 2025 செப்டம்பரில் சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாக இறங்கிவிட்டது. மின்சாரக் காருக்கு 5 சதவீதம் அப்படியே இருக்கிறது என்றாலும், இரண்டுக்கும் நடுவே இருந்த இடைவெளி சுருங்கிவிட்டது.

ஆனால் பழைய கை என்றால் அசைக்க முடியாது என்றும் நினைக்காதீர்கள். மின்சாரக் கார் விற்பனையில் டாடாவின் பங்கு 2023-24-ல் 70 சதவீதத்துக்கு மேல் இருந்தது, அடுத்த வருஷமே 55 சதவீதத்தை ஒட்டி இறங்கியது. இறக்கியதில் முக்கியமானது எம்ஜி விண்ட்ஸர். 2024 செப்டம்பரில் வந்தது. காரை 9.99 லட்சத்துக்கு வாங்கிக்கொள், பேட்டரிக்கு ஓடுகிற கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய் வாடகை கொடு என்றார்கள். பேட்டரி கெட்டால் என்ன செய்வது என்ற நடுத்தர வர்க்கத்துப் பயத்தை அந்த ஒரு யோசனை தொட்டது, கார் விற்றுத் தீர்ந்தது. அந்த எம்ஜி 2019-ல்தான் இங்கே கடை திறந்தது, கார் செய்வதோ குஜராத்தின் ஹலோலில் ஜெனரல் மோட்டார்ஸ் விட்டுப்போன ஆலையில். புது ஆளுக்கு இடம் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஆக, கம்பெனி நிலைக்குமா என்று கேட்டால் என் கணிப்பு இது: முதலாளி பணம் போடும்வரை ஓடும், அதற்குள் இங்கேயே பாகங்களை வாங்கி விலையைக் குறைக்கப் பழகிக்கொண்டால் தங்கும். இப்போது பாகங்களில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வந்து இங்கே கோர்க்கப்படுகிறது. ஆலையைச் சுற்றி சீட், கண்ணாடி, வயரிங் செய்யும் கம்பெனிகள் வந்து உட்காருகின்றனவா என்று பாருங்கள். அப்படி வந்துவிட்டால் யாரும் சுலபத்தில் பெட்டியைக் கட்ட மாட்டார்கள்.

இனி பையன். இருபத்தொரு வயதில் அவனுக்கு என்ன நஷ்டம் வந்துவிடும்? குடும்பம், கடன் எதுவும் இல்லை. நான் அவன் இடத்தில் இருந்தால் தூத்துக்குடிக்குத்தான் போவேன், ஆனால் ஒரு நிபந்தனையோடு. ஆலைக்குள் எந்த ஷாப்பில், அதாவது எந்தப் பிரிவில் போடுகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சீட் மாட்டும் இடத்தில் மூன்று வருஷம் நின்றால் ஒரகடத்தில் நிற்பதற்கும் அதற்கும் வித்தியாசம் ஒன்றுமில்லை. பேட்டரி, உயர் மின்னழுத்த வேலை, கடைசிச் சோதனை, இந்தப் பக்கம் போய்விட்டால் கதை வேறு.

அந்த வேலை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். மின்சாரக் காரில் ஆரஞ்சு நிற வயர் போகிற இடமெல்லாம் சில நூறு வோல்ட் ஓடும், ஆளைக் கொல்லும் அளவு. அதைத் தொடும் முன் பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைக் கழற்றி, வேறு யாரும் திரும்ப மாட்டாதபடி பூட்டி, சில நிமிஷம் காத்திருக்க வேண்டும், ஏனென்றால் உள்ளே கெபாசிட்டரில் தேங்கிய மின்சாரம் இறங்க நேரமாகும். அப்புறம் 1000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறையை ஊதிப் பார்த்து, ஊசித்துளைகூட இல்லை என்று தெரிந்தபின் மாட்டிக்கொண்டு, மீட்டர் வைத்து பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். காட்டிய பிறகுதான் ஸ்பேனர். இந்த ஒழுங்கு ஒருமுறை கையில் ஏறிவிட்டால் யாரும் பிடுங்க முடியாது. ஓசூரில் டிவிஎஸ், ஏத்தர், கிருஷ்ணகிரி பக்கம் ஓலா, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஹூண்டாய் என்று எல்லோருக்கும் இது தெரிந்த ஆள் தேவை. பெட்ரோல் இன்ஜின் பாகம் செய்கிற இடத்தில் அவன் கற்பது இன்னும் பதினைந்து வருஷத்துக்குச் சோறு போடும், அதற்கு அப்புறம் போடுமா என்று எனக்குச் சந்தேகம். ஒரகடத்தில் என்ன பாகம் செய்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அது பிரேக், சஸ்பென்ஷன் என்றால் பயமில்லை, எந்தக் காருக்கும் அது வேண்டும். சைலன்சர், பிஸ்டன் என்றால் யோசியுங்கள்.

கையெழுத்துப் போடும் முன் ஆர்டரை நிதானமாகப் படியுங்கள். கொடுத்தது கம்பெனியா, ஆள் எடுத்துக் கொடுக்கும் கான்ட்ராக்ட்காரரா? அப்ரென்டிஸ் என்று போட்டிருந்தால் அது வேலை ஆகாது, பயிற்சிதான். பி.எஃப். பிடிக்க மாட்டார்கள், முடிந்ததும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டமும் சொல்லவில்லை. டிரெய்னி என்றால் எத்தனை மாதம், அதற்குப் பிறகு என்ன பதவி என்று எழுத்தில் இருக்க வேண்டும். நடுவில் விலகினால் பணம் கட்டு என்று பாண்டு கேட்டால் தொகையைப் பாருங்கள், அசல் சான்றிதழ்களை மட்டும் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். சேர்ந்த பிறகு எந்தப் பயிற்சி கொடுத்தாலும் அதற்கு ஒரு சான்றிதழ் கேட்டு வாங்கி வைக்கச் சொல்லுங்கள். முதல் மூன்று வருஷம் இந்தச் சம்பளத்தை நம்பி வீட்டுக் கடனோ கார் கடனோ யாரும் வாங்க வேண்டாம். பைக் கடன்கூட வேண்டாம் என்பேன்.

கொழுந்தனாருக்கு. வின்ஃபாஸ்ட்டின் விஎஃப்6 காருக்கு ஆரம்ப விலை 16.49 லட்சம் என்று 2025 செப்டம்பரில் அறிவித்தார்கள், அந்த விலைக்கு வண்டி மோசமில்லை. ஆனால் சொந்த ஊரில் செய்தது என்பது கார் வாங்கக் காரணம் ஆகாது. அமெரிக்காவில் ஃபிஸ்கர் என்ற மின்சாரக் கார் கம்பெனி 2024-ல் திவாலானபோது, கார் வாங்கியவர்கள் பாகத்துக்கும் சாஃப்ட்வேருக்கும் தாங்களே சங்கம் வைத்து அலைந்தார்கள். பேட்டரிக்குப் பத்து வருஷ வாரண்டி என்றால் அந்தப் பத்து வருஷமும் கொடுத்தவர் இருக்க வேண்டுமே. வீட்டில் ஏற்கெனவே ஒரு வண்டி இருந்து, எட்டுப் பத்து வருஷம் விற்காமல் ஓட்டுவார் என்றால் வாங்கட்டும். ரிட்டயர்மென்ட் பணத்தில் வாங்கும் ஒரே கார் என்றால் ஒரு வருஷம் பொறுக்கட்டும். பம்பர் அடிபட்ட ஒரு காருக்கு உதிரிபாகம் எத்தனை நாளில் வந்தது என்று ஏற்கெனவே வாங்கிய இரண்டு பேரிடம் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கட்டட்டும்.

கடைசியாக, பக்கத்தில் இருக்கட்டும் என்கிறீர்களே, அது. கோவில்பட்டியிலிருந்து தினமும் போய்வரலாம் என்று கணக்குப் போட்டிருந்தால் அதை மறந்துவிடுங்கள். கார் ஆலையில் ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருக்கும். ராத்திரி ஷிஃப்ட் முடிந்த தூக்கக் கண்ணோடு நான்குவழிச் சாலையில் பைக்கில் வருகிற பிள்ளைகளை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. கம்பெனி பஸ் எதுவரை வருகிறது என்று முதல் நாளே கேட்கச் சொல்லுங்கள். கோவில்பட்டி வரை வரவில்லை என்றால் தூத்துக்குடியிலேயே நாலு பையன்களோடு ரூம் எடுத்துக்கொள்ளட்டும், வார லீவுக்கு வீட்டுக்கு வரட்டும்.