ஓசி பேப்பரும் வரி விளம்பரமும்

சார் வணக்கம்,
எங்க அப்பார்ட்மென்ட்ல வாராவாரம் ஒரு ஓசி லோக்கல் பேப்பர் போட்டுட்டுப் போறாங்க. பாதி வீட்ல பிரிக்கறதே இல்ல. காசே வாங்காம இதெல்லாம் எப்படி ஓடுது? நானும் ஃப்ரெண்டும் எங்க ஏரியாவுக்கு ஒண்ணு ஆரம்பிக்கலாம்னு இருக்கோம், பிக்கப் ஆனா அப்படியே வடபழனி, போரூர்னு விரிக்கலாம். என்ன சொல்றீங்க?
ஒரு வாசகர், கே.கே.நகர்

தம்பி,

ஓசி நமக்குத்தான். உங்க தெருமுனை டெய்லர், டியூஷன் டீச்சர், ஊறுகாய் போட்டு விக்கற மாமி எல்லாம் சேர்ந்து உங்களுக்காக ஏற்கெனவே காசு கட்டிட்டாங்க. சென்னைக்கு இது புதுசும் இல்ல, 1991ல வரலாற்று எழுத்தாளர் எஸ். முத்தையா ஆரம்பிச்ச மெட்ராஸ் மியூசிங்ஸ் பத்திரிகை கம்பெனிங்க கைகொடுத்து ஓடினது. 1994ல வந்த மயிலாப்பூர் டைம்ஸ் வேற ரூட், கடைக்காரங்க விளம்பரம்தான் அதுக்கு சோறு. அதோட எடிட்டர் வின்சென்ட் டிசோசாவும் முத்தையாவும் பத்திரிகையாளர் சசி நாயரும் சேர்ந்துதான் 2004ல மெட்ராஸ் டே கொண்டாட்டத்தையே கிளப்பிவிட்டாங்க, அதாவது தெரு நியூஸ் எழுதினவங்க ஊருக்கே ஒரு திருவிழாவ பிடிச்சுக் கொடுத்தாங்க.

நீங்க விரிக்கலாம்ங்கறீங்க பாருங்க, அங்கதான் கொஞ்சம் நில்லுங்க. கே.கே.நகர் இட்லி மாவு கடைக்காரருக்கு போரூர்ல பேப்பர் போய் என்ன லாபம்? அதிக காப்பி அடிச்சா பிரிண்டிங் செலவுதான் ஏறும், அவர் ஒரு ரூபா கூட சேர்த்துத் தரமாட்டாரு. அதனால ஏரியாவுக்கு ஒரு பேப்பர்னு தனித்தனியா போடணும், பிரஸ், லே-அவுட் ஆள் எல்லாம் பொதுவா வச்சுக்கலாம். ஒவ்வொரு பேப்பர் பேரையும் தனியா ரெஜிஸ்டர் பண்ணணும், 1867ல போட்ட சட்டம் போய் 2023ல புதுசு வந்து இப்ப எல்லாம் ஆன்லைன்.

நான் வேலை தேடிட்டிருந்த காலத்துல ஒரு லோக்கல் பேப்பருக்கு (பேர் வேணாம்) விளம்பரம் பிடிச்சிருக்கேன். ஒரு பக்கம் முழுக்க பொடிப்பொடியா வரி விளம்பரம், வீடு வாடகைக்கு, சமையலுக்கு ஆள் தேவை, பழைய பீரோ விற்பனைக்கு. ('சைவம் மட்டும்'னு போடற வீட்டுக்காரங்கள திட்டிக்கிட்டே நானும் டைப் பண்ணிக் கொடுத்திருக்கேன், அது வேற கதை.) அதுல நூறு பேர்ல ஒருத்தர் கோச்சுக்கிட்டுப் போனா பேப்பருக்கு ஒண்ணும் ஆகாது. அப்புறம் ஒரு பில்டர் வந்தாரு, முழுப்பக்கம், வாராவாரம், அட்வான்ஸா செக். ஓனருக்கு ஒரே குஷி, வரி விளம்பரத்துக்கு அலையறத நிறுத்திட்டாரு, நாங்களும் வளர்ந்துட்டோம்னுதான் நெனச்சோம். ஆறு மாசம் கழிச்சு அந்த பில்டர் சைட்ல போர் போட்டு பக்கத்துத் தெரு கிணறெல்லாம் வத்திப்போச்சுனு ஒரு ரிட்டயர்டு வாத்தியார் லெட்டர் எழுதினாரு, அது கடைசி வரைக்கும் அச்சாகவே இல்ல. யாரும் மிரட்டல, ஃபோன் கூட வரல, நாங்களே எடுத்து டிராயர்ல போட்டுட்டோம்.

வெளிநாட்ல பெருசா வளர்ந்ததெல்லாம் என்னாச்சுனும் பாருங்க. 1995ல ஸ்டாக்ஹோம் மெட்ரோ ரயில்ல இலவசமா ஆரம்பிச்ச 'மெட்ரோ' பேப்பர் எத்தனையோ நாட்டுக்குப் போச்சு, சொந்த ஊரு ஸ்வீடன்லயே 2019ல மூடிட்டாங்க. லண்டன் ஈவினிங் ஸ்டாண்டர்ட் 2009ல ஃப்ரீ ஆச்சு, 2024ல தினசரி அச்சே நின்னுபோச்சு. ரயில்ல போறவன் கைல ஃபோன் வந்தப்புறம் அவனுக்கு பேப்பர் எதுக்கு? உங்களுக்கு அந்தப் போட்டி தெரு வாட்ஸப் குரூப்தான்.

அதனால லோகோ, வெப்சைட் எல்லாம் அப்புறம். முதல்ல ரெண்டு பேரும் நாலு சனிக்கிழமை கடை கடையா ஏறி ஐம்பது வரி விளம்பரம் பிடிங்க, காசையும் கையோட வாங்குங்க, 'அடுத்த வாரம் வாங்க தம்பி'ம்பாங்க, விடாதீங்க. ஐம்பது தேறிச்சுன்னா எனக்கு எழுதுங்க.