பதிவேட்டில் வரும் 9.8

அன்புள்ள ஐயா,

தென்காசி மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருக்கிறேன். பதினோராம் வகுப்புக்கும், ஆள் பற்றாக்குறையால் ஒன்பதாம் வகுப்புக்கும் பாடம் எடுக்கிறேன். செயல்பாடுகள் வழியாக இயற்பியல் கற்பிப்பதைப் பற்றி நீங்கள் எழுதியவற்றைப் படித்தபின் என் வகுப்பில் அதை முயன்று வருகிறேன். பிள்ளைகள் ஆர்வமாக வருகிறார்கள். மின்சுற்று இணைக்கிறார்கள், ஊசல் ஆட்டுகிறார்கள், லென்ஸை வைத்துச் சுவரில் பிம்பம் விழச் செய்கிறார்கள். ஆனால் சில வாரங்கள் கழித்து அதே பாடத்தில் சற்று மாற்றிக் கேட்டால் பழைய தவறான விடையையே எழுதுகிறார்கள். ஈர்ப்பு முடுக்கத்தை அளக்கும் தனி ஊசல் சோதனையில் ஏறக்குறைய எல்லாப் பதிவேடுகளிலும் விடை 9.8 என்றே வருகிறது. அது அளந்து வந்ததல்ல என்பது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். "இப்படிப் போனால் போர்ஷன் முடியாது" என்று சக ஆசிரியர்கள் சொல்லும்போது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. குறை எங்கே இருக்கிறது? உண்மையாக அளந்து 9.6 கொண்டுவரும் மாணவிக்கு நான் எப்படி மதிப்பெண் போடுவது?

ஓர் இயற்பியல் ஆசிரியர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அந்த 9.8-லிருந்தே தொடங்குகிறேன். உங்கள் மற்றக் கேள்விகளுக்கான விடையும் அதையொட்டியே இருக்கிறது.

விடை முன்கூட்டியே தெரிந்த ஒன்றை அளந்து வரச் சொன்னால், பின்னாலிருந்து கணக்குப் போட்டு அளவீடுகளை நிரப்பிவிடுவதுதான் பதினாறு வயதுப் பிள்ளைக்குத் தோன்றும் எளிய வழி. பதிவேட்டில் நாம் தேடுவது அந்த எண்ணைத்தான் என்பதை அவர்கள் கீழ்வகுப்புகளிலேயே கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். ஆகவே அந்தச் சோதனையில் விடையைக் கேட்காமல், விடை எவ்வளவு பிசகக்கூடும் என்று கேட்டுப் பாருங்கள். ஒரு மீட்டர் நீளமுள்ள ஊசல் ஒருமுறை போய்வர, அதாவது ஓர் அலைவுக்கு, ஏறத்தாழ 2 நொடி ஆகும். ஸ்டாப் வாட்சை அழுத்தும் விரல் 0.2 நொடி முன்பின்னாகும் என்று வைத்துக்கொண்டால், ஒரே ஓர் அலைவை அளப்பவருக்கு அலைவு நேரத்தில் 10 சதவீதம் பிழை வரும். சூத்திரத்தில் அலைவு நேரம் இருமடியாக வருவதால் ஈர்ப்பு முடுக்கத்தில் அது ஏறக்குறைய 20 சதவீதமாகிவிடும். 8 முதல் 12 வரை எந்த எண்ணும் வரலாம். அதே விரல் அதே ஸ்டாப் வாட்சில் 20 அலைவுகளை அளக்கும்போது 40 நொடிக்கு 0.2 நொடிதான் பிழை, அதாவது அரை சதவீதம், விடை 9.7-க்கும் 9.9-க்கும் இடையே நின்றுவிடும். இருபது அலைவுகள் எடுக்க வேண்டும் என்று கையேடு ஏன் சொல்கிறது என்பதை ஒரு மாணவர் இப்படிக் கண்டுகொண்டால், அந்தச் சோதனை சொல்லித்தர வேண்டியதில் பாதியைச் சொல்லித் தந்துவிட்டது.

மீதிப் பாதி தவறான விடைகளில் இருக்கிறது. ஒரு குழுவுக்கு 10.8 வருகிறதென்றால், ஊசல் நூலில் தொங்கும் குண்டை விட்ட கணத்தில் 'பூஜ்யம்' என்று சொல்லாமல் 'ஒன்று' என்று எண்ணத் தொடங்கியிருப்பார்கள். உண்மையில் அவர்கள் அளந்தவை 19 அலைவுகள்; வகுத்தது 20-ஆல். இன்னொரு குழு 50 சென்டிமீட்டர் ஊசலில் 9.6 கொண்டுவந்தால், நூலின் நீளத்தைக் குண்டின் மேற்புறம் வரை மட்டும் அளந்தார்களா என்று பாருங்கள். ஒரு சென்டிமீட்டர் ஆரத்தை விட்டுவிட்டால் அந்த நீளத்தில் சரியாக 2 சதவீதம் குறையும். இதே குழுவை நான்கைந்து நீளங்களுக்கு அளக்கச் சொல்லி, நீளத்துக்கு எதிராக அலைவு நேரத்தின் இருமடியை வரைபடமாக்கச் சொன்னால் அருமையான ஒன்று நிகழும். கோடு ஆதிப்புள்ளி வழியாகச் செல்லாது, செங்குத்து அச்சைச் சற்று மேலே வெட்டும். ஆனாலும் கோட்டின் சாய்வு சரியான ஈர்ப்பு முடுக்கத்தையே தரும். தாங்கள் விட்டுவிட்ட ஆரம் எந்த இடத்தில் ஒளிந்திருந்தது என்பதை வரைபடத்தில் பார்க்கும் பிள்ளைக்கு, வரைபடம் எதற்காக வரைகிறோம் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. இடையே ஒன்று சொல்லிவிடுகிறேன்: நம் தென் மாவட்டங்களில் ஈர்ப்பு முடுக்கத்தின் மதிப்பு ஏறத்தாழ 9.78. புத்தகத்தில் இருக்கும் 9.8 என்பது முழுமையாக்கிய எண் என்பதையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி, செய்து பார்த்தபின்னும் பழைய விடையே திரும்பி வருவது ஏன் என்ற கேள்வி. கைக்கு வேலை கொடுத்த செயல்பாடு, பிள்ளையின் மனத்தில் ஏற்கெனவே இருக்கும் விளக்கத்தை ஒருமுறைகூடத் தொடாமல் போயிருக்கலாம். மின்சுற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மாதிரியான இரண்டு டார்ச் பல்புகளைத் தொடரிணைப்பில் இணைப்பதற்கு முன்னால், எது கூடுதலாக ஒளிரும் என்று ஒவ்வொருவரையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். காரணத்தையும் எழுதிப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லட்டும். முதல் பல்பு மின்னோட்டத்தில் கொஞ்சத்தைச் செலவழித்துவிடும், மிச்சம்தான் இரண்டாவதற்குப் போகும் என்று வகுப்பில் கணிசமானோர் எழுதுவார்கள். இந்த விளக்கத்தை அவர்களுக்கு யாரும் கற்பிக்கவில்லை. அதனால்தான் அது அவ்வளவு உறுதியாக இருக்கிறது. இணைத்ததும் இரண்டும் ஒன்றுபோல் ஒளிர்ந்தால் நல்லது. பெரும்பாலும் கடையில் வாங்கும் இரண்டு பல்புகள் துல்லியமாக ஒத்திருக்காது, ஒன்று சற்றே கூடுதலாக ஒளிரும். "பாருங்கள் சார், முதல் பல்புதான்" என்று ஒரு குரல் எழும். அப்போது நீங்கள் விளக்கம் சொல்ல ஆரம்பிக்காமல், இரண்டு பல்புகளையும் இடம் மாற்றி மாட்டச் சொல்லுங்கள். கூடுதலாக ஒளிர்ந்த பல்பு எந்த இடத்தில் இருந்தாலும் அப்படியே ஒளிரும். வேறுபாடு பல்பில் இருக்கிறது, அது இருக்கும் இடத்தில் இல்லை என்ற முடிவுக்கு வகுப்பு தானாக வரும். முன்கூட்டியே எழுதி வைக்காத மாணவருக்கு இந்த இடமாற்றம் வெறும் வேடிக்கை. எழுதி வைத்தவருக்கோ, தான் சொன்ன ஒன்று கண்ணெதிரே பொய்யாகிறது. (இதற்கு எல்.இ.டி. பயன்படாது. அது ஒரு திசையில்தான் மின்னோட்டத்தை விடும், ஒற்றை 1.5 வோல்ட் மின்கலத்தில் எரியவும் எரியாது. 2.5 வோல்ட் இழை பல்புகளைத் தேடி வாங்கி வையுங்கள்.)

இது என் தனிப்பட்ட அபிப்பிராயம் மட்டுமல்ல. அமெரிக்காவில் ரிச்சர்ட் ஹேக் என்ற இயற்பியலாளர், உயர்நிலைப் பள்ளி முதல் பல்கலைக்கழகம் வரையிலான 62 அறிமுக இயற்பியல் வகுப்புகளில் படித்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் தேர்வு முடிவுகளைத் தொகுத்து 1998-இல் வெளியிட்டார். விசை, இயக்கம் பற்றிய ஒரே மாதிரியான வினாக்களைப் பாடத்துக்கு முன்பும் பின்பும் கொடுத்து, கற்றுக்கொள்ள மீதியிருந்ததில் எவ்வளவு கற்றார்கள் என்று கணக்கிட்டார். விரிவுரை வகுப்புகளில் அது சராசரியாக 0.23, மாணவர் பங்கேற்ற வகுப்புகளில் 0.48. பங்கேற்பு என்று அவர் எதைக் கொண்டார் என்பதுதான் நமக்கு முக்கியம்: கைகளின் வேலை பெரும்பாலும் இருக்கும், சிந்தனையின் வேலை எப்போதும் இருக்க வேண்டும், செய்ததைப் பற்றி உடனுக்குடன் சக மாணவரோடும் ஆசிரியரோடும் பேச வேண்டும். உங்கள் வகுப்பில் முதலாவது இருக்கிறது. மற்ற இரண்டையும் சேர்க்க வேண்டும் என்றே உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குத் தோன்றியது.

போர்ஷன் பற்றிய கவலை நியாயமானது, அதை நான் ஒதுக்கவில்லை. எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்த முடியாது, நடத்தவும் வேண்டாம். பிள்ளைகள் பிடிவாதமான தவறான எண்ணங்களோடு வரும் இடங்களான விசையும் இயக்கமும், மின்சுற்று, லென்ஸ் ஆகிய மூன்றுக்கு மட்டும் நேரம் ஒதுக்குங்கள். அவற்றிலும் சில செயல்பாடுகள் பத்தே நிமிடத்தில் முடிந்துவிடும். குவிலென்ஸால் ஜன்னலின் பிம்பத்தைச் சுவரில் விழச் செய்துவிட்டு, லென்ஸின் மேல்பாதியை அட்டையால் மூடினால் என்ன ஆகும் என்று கேளுங்கள். பாதி ஜன்னல் மறையும் என்பார்கள். மூடிப் பார்த்தால் முழு ஜன்னலும் இருக்கும், மங்கலாக. கதிர்ப்படத்தில் இரண்டு கோடுகளை மட்டும் வரைந்து பழகியதால் வரும் குழப்பம் அங்கேயே தீரும்.

தேர்வு மாறாமல் வகுப்பை மட்டும் மாற்றுவது கடினம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1972-இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் கிஷோர் பாரதி முதலான அமைப்புகள் தொடங்கிய அறிவியல் திட்டத்தில், தேர்வறையில் புத்தகத்தைத் திறந்து பார்க்க அனுமதித்தார்கள், செய்முறையையும் தேர்வாக வைத்தார்கள். மாநில அரசு 2002-இல் நிறுத்தும்வரை முப்பது ஆண்டுகள் அது அரசுப் பள்ளிகளிலேயே நடந்தது. நம்மிடம் பத்தாம் வகுப்பு அறிவியலில் செய்முறைக்கு 25 மதிப்பெண் இருக்கிறது. அந்த 25-ஐ எப்படிப் பயன்படுத்துவது என்பது பெருமளவு உங்களைப் போன்றவர்களின் கையில்தான் இருக்கிறது.

9.6 கொண்டுவந்த மாணவி தன் அளவீடுகளைத் திருத்தாமல் எழுதி, விடை ஏன் குறைந்தது என்பதற்குச் சோதித்துப் பார்க்கத்தக்க ஒரு காரணத்தையும் எழுதியிருந்தால் முழு மதிப்பெண் கொடுங்கள். காரணம் எழுதவில்லையென்றால் குண்டின் ஆரத்தை அளந்தாயா என்று மட்டும் கேட்டு, பதிவேட்டைத் திருப்பிக் கொடுங்கள். 9.8 எழுதியவர்களிடம் கடிந்துகொள்ள வேண்டாம். ஊசலை உங்கள் மேசையில் கட்டிவைத்து, நீளத்தை நீங்களே மாற்றி, இருபது அலைவுகளை உங்கள் முன்னால் ஒருமுறை எண்ணச் சொல்லுங்கள்.