முகத்தின் நுண்ணசைவுகளைக் கருவிகள் காட்டித்தந்தால், பிறர் மனத்தைப் புரிந்துகொள்ள முடியுமா?

கண்ணுக்குத் தப்பும் அசைவைக் காட்டித்தருவதில் கருவிகள் உண்மையாகவே உதவுகின்றன. அந்த அசைவுக்கு உணர்ச்சிப் பெயர் சூட்ட முற்படும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

என் தந்தைக்குப் பார்க்கின்சன் நோய் உண்டு. முகத்தசைகளின் அசைவு குறைந்து முகம் முகமூடி போலாகிவிடுவது அந்நோயின் அறிகுறிகளுள் ஒன்று என்று தெரிந்திருந்தும், பேத்தி மடியில் ஏறி விளையாடும்போதுகூட அவர் முகத்தில் சலனமே இல்லாததைக் கண்டு, எங்கள்மீது பற்றுக் குறைந்துவிட்டதோ என்று வெகுநாள் மருகினோம். ஒருமுறை கைப்பேசியில் ஸ்லோ மோஷனில் எடுத்த காணொளியைப் பார்த்தபோது, குழந்தை சிரித்த நொடியில் அவருடைய கீழிமை சற்றே சுருங்கி, உதட்டோரம் இம்மியளவு உயர்ந்து தாழ்ந்தது தெரிந்தது. அதன் பொருளை நாங்களாக முடிவுசெய்யாமல் அவரிடமே கேட்டோம். "சிரிச்சேனே, தெரியலையா?" என்றார்.

இதையே இன்னும் நுட்பமாகச் செய்யும் முறையை அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்டார்கள். காணொளியின் ஒவ்வொரு புள்ளியிலும் நேரத்தோடு நிகழும் சிறு மாற்றத்தைப் பிரித்தெடுத்து, பெருக்கி, மீண்டும் படத்தோடு சேர்க்கும் அம்முறையில், இதயத்துடிப்புக்கு ஏற்ப முகம் சிவந்து வெளிறுவதுகூடத் தெரியும். (தலை ஆடினால் அந்த ஆட்டமும் சேர்ந்தே பெருகிவிடும்.) அரை நொடிக்கும் குறைவாகத் தோன்றி மறையும் நுண்முகபாவங்களை 1966-இலேயே ஹகார்டு, ஐசக்ஸ் என்ற ஆய்வாளர்கள் உளச்சிகிச்சைப் படச்சுருள்களை மெதுவாக ஓட்டிப் பார்த்துப் பதிவுசெய்திருக்கிறார்கள்; அமெரிக்க உளவியலாளர் பால் எக்மன் பின்னர் அவற்றைப் பரவலாக அறியச் செய்தார்.

ஆனால் சுருங்கிய புருவம் கோபமா, கூர்ந்த கவனமா, தலைவலியா என்பதைப் புருவம் சொல்வதில்லை. உளவியலாளர் லிசா ஃபெல்ட்மன் பாரெட்டும் பிற ஆய்வாளர்களும் 2019-இல் வெளியிட்ட விரிவான மீளாய்வு, முகத்தை மட்டும் கொண்டு உணர்ச்சியை உறுதியாகக் கணிக்க இயலாது என்றே முடிவுசெய்தது. பணியிடத்திலும் கல்விக்கூடத்திலும் உணர்ச்சிகளைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவை, மருத்துவ, பாதுகாப்புத் தேவைகள் நீங்கலாக, ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரி முதல் தடைசெய்திருப்பதை நான் சரியென்றே கருதுகிறேன். மேலாளர் கையில் இருக்கும் அத்தகைய கருவி உளவுதான் பார்க்கும்.

ஆகவே கருவி அசைவைக் காட்டுவதோடு நின்றுகொள்ள வேண்டும். அதையும் முகத்துக்குரியவரின் இசைவோடுதான் காட்ட வேண்டும். தந்தையின் காணொளியைக்கூட, அவர் இருமுறை பார்த்துத் தலையசைத்த பிறகே தம்பிக்கு அனுப்பினேன்.